அசாபுவில் இரண்டு கொலைகள்

டோக்கியோவின் அசாபு வட்டாரத்தில் ஃபுருகாவா என்று ஒரு சிற்றாறு ஓடுகிறது. அதன் மேல் நாகாநோஹாஷி, இச்சிநோஹாஷி என்று இரண்டு பாலங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சில நூறு மீட்டர்தான். 1861 ஜனவரி 15 இரவு முதல் பாலத்தருகே அமெரிக்கத் தூதரகத்தின் துபாஷி ஹென்றி ஹ்யூஸ்கன் வெட்டப்பட்டார். 1863 மே 30 அன்று இரண்டாவது பாலத்தருகே கியோகாவா ஹச்சிரோ என்ற கிளர்ச்சிக்காரர் வெட்டப்பட்டார். ஹ்யூஸ்கனை வெட்டியவர்கள் கியோகாவாவின் கூட்டத்து ஆட்கள். கியோகாவாவை வெட்டியவர்கள் ஷோகன் அரசின் ஆட்கள். அவரோடு ஒரே அணியில் பயணம் போய் வந்தவர்கள்.

அமெரிக்கக் கமடோர் பெரியின் கறுப்புக் கப்பல்களில் தொடங்கி மெய்ஜி மறுமலர்ச்சியில் முடியும் வெற்றிக் கதையாகவே நவீன ஜப்பானின் பிறப்பை நமக்குச் சொல்லிப் பழக்கப்படுத்தியிருக்கிறார்கள். இடையில் கிடக்கும் பதினைந்து ஆண்டுகளின் பிணக்கணக்கு அந்தக் கதையில் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. அந்தப் பிணங்களைச் சற்று நிதானமாகப் பார்த்தால் ஒரு விசித்திரம் தென்படும். அந்நியரோடு செய்த ஒப்பந்தத்தால் நாட்டுக்கு என்ன கேடு வந்ததோ, அதற்குப் பொறுப்பானவர்களின் கழுத்தில் வாள் விழுந்தது அபூர்வம். யாரையாவது நம்பி, காவலைத் தளர்த்தி, எட்டிப்பிடிக்கும் தூரத்தில் நடமாடியவர்களே பெரும்பாலும் செத்தார்கள். தீவிரவாதிகள் மட்டும் இப்படி நடந்துகொள்ளவில்லை. அவர்களை ஒடுக்கிய அரசும், அந்த அரசோடு பேரம் பேசிய தூதர்களும், தத்தமது வழியில் யாரோ ஒருவருடைய நம்பிக்கையைச் செலவழித்துத்தான் காரியம் சாதித்தார்கள்.

1853 ஜூலையில் பெரி நான்கு கப்பல்களோடு உராகா கடற்பகுதிக்கு வந்தார். மறு ஆண்டு மார்ச் 31-இல் கனகாவா ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு நூற்றாண்டுகளாக நாகசாகியின் தெஜிமா தீவில் டச்சு வணிகர்களை மட்டும் ஒரு மூலையில் வைத்திருந்த நாடு, ஷிமோடா, ஹகோடாட்டே என்ற இரு துறைமுகங்களை அமெரிக்கக் கப்பல்களுக்குத் திறந்துவிட்டது. வணிகத்துக்கு அனுமதி இல்லை. கப்பல்களுக்குத் தண்ணீர், விறகு, நிலக்கரி மட்டும் கிடைக்கும். கரையொதுங்கிய மாலுமிகளுக்கு மனிதாபிமான நடத்தை உறுதி. வணிக ஒப்பந்தத்தை வாங்கிவரும் வேலை, முதல் தூதராக அனுப்பப்பட்ட டௌன்செண்ட் ஹாரிஸின் தலையில் விழுந்தது.

ஹாரிஸ் 1804-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். பீங்கான் பாத்திர வணிகர். பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் உயர்கல்வி பெறவேண்டும் என்று நியூயார்க்கில் இலவசக் கல்லூரி தொடங்கப் போராடி, 1847-இல் அதைச் சாதித்தவர். அதுவே பின்னாளில் நியூயார்க் நகரக் கல்லூரியாக வளர்ந்தது. திருமணம் செய்துகொள்ளாதவர். அமெரிக்காவை விட்டுக் கிழக்கே வந்தபோது சொத்து என்று சொல்ல அவரிடம் பெரிதாக ஏதுமில்லை. 1856 ஆகஸ்டில் சான் ஹசின்டோ கப்பலில் ஷிமோடாவில் வந்திறங்கியபோது அவருக்கு வயது 51.

அவரோடு இறங்கிய ஹ்யூஸ்கனுக்கு 24. ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, 1853-இல் பிழைப்புத் தேடி நியூயார்க்குக்குக் குடியேறியவர். டச்சு தாய்மொழி, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் தெரியும். ஜப்பானிய அதிகாரிகள் அறிந்த ஒரே ஐரோப்பிய மொழி டச்சு என்பதால்தான் இந்த இளைஞருக்கு இந்த வேலை கிடைத்தது. ஹாலிவுட் 1958-இல் இவர்கள் கதையைப் படமாக்கியபோது ஹாரிஸாக ஜான் வெய்ன் நடித்தார். ஹ்யூஸ்கன் வேடத்தை அறுபதைத் தாண்டிய சாம் ஜாஃபேவுக்குக் கொடுத்தார்கள். துபாஷி என்றால் வயதான, அடங்கிய ஆளாகத்தான் இருப்பார் என்று நினைத்தார்கள் போலும். நிஜ ஹ்யூஸ்கன் அடங்கிய ஆளே அல்ல. குதிரை, விருந்து, பெண்கள், இரவு நேரச் சுற்றல் எல்லாம் உண்டு. பிரெஞ்சில் எழுதிய நாட்குறிப்பில் ஃபூஜி மலையைப் பார்த்துக் கவிதைபோல உருகுவார்.

அவர்களை யாரும் வரவேற்கவில்லை. தூதர் வருவது பற்றிய ஒப்பந்தப் பிரிவை இரு தரப்பும் வெவ்வேறாகப் புரிந்து வைத்திருந்தன. ஒரு தரப்புக்குத் தேவை என்றால் போதும் என்பது அமெரிக்கர் வாதம். இரு தரப்புக்கும் தேவைப்பட்டால்தான் என்பது ஜப்பானியர் வாதம். திரும்பிப் போகச் சொன்னார்கள், ஹாரிஸ் மறுத்தார். கடைசியில் காகிசாகி கிராமத்தின் கியோகுசென்ஜி கோயிலில் இடம் ஒதுக்கினார்கள். 1856 செப்டம்பர் 4 அன்று அங்கே அமெரிக்கக் கொடி ஏறியது. முந்தைய இரவு படபடப்பாலும், பிரமாண்டமான கொசுக்களாலும் தூங்கவே முடியவில்லை என்று ஹாரிஸ் நாட்குறிப்பில் எழுதுகிறார். அதே பதிவில், பழைய ஜப்பானின் முடிவு இன்று தொடங்குகிறது, இது உண்மையிலேயே அந்த நாட்டுக்கு நல்லதுதானா என்ற கேள்வியையும் போட்டுக்கொள்கிறார். கேள்வியை எழுதிவிட்டு மறுநாள் முதல் தன் வேலையைப் பார்த்தார்.

அடுத்த ஓராண்டு ஒரு அமெரிக்கப் போர்க்கப்பலும் எட்டிப் பார்க்கவில்லை. கடிதம் இல்லை, பணம் இல்லை. ஹாரிஸுக்கு வயிறு கெட்டு, உடம்பு மெலிந்தது. பேசுவதற்கு இருந்த ஒரே ஆள் ஹ்யூஸ்கன். சாப்பிடவும் குடிக்கவும் தூங்கவும் மட்டும் இவனுக்கு ஞாபகம் இருக்கிறது, மற்றதெல்லாம் மறந்துபோகிறது என்று ஒரு நாள் எரிச்சலோடு எழுதுகிறார். பிடிவாதக்காரக் கிழவருக்கும் விளையாட்டுப் பிள்ளைக்கும் வேறு போக்கிடம் இல்லாததால் உண்டான பிணைப்பு அது. அப்படிப்பட்ட பிணைப்புகள் சில சமயம் விரும்பித் தேடிய நட்பைவிட உறுதியானவை.

1857 நவம்பரில் ஏறக்குறைய 350 பேர் புடைசூழ, இன்றைய டோக்கியோவான எடோவுக்குப் பயணம். டிசம்பர் 7-ஆம் நாள் ஷோகன் இயெசடாவின் முன்னிலையில் ஹாரிஸ் நின்றார். அதிபர் பியர்ஸின் கடிதத்தை ஏந்தியபடி ஹ்யூஸ்கன் பின்னால் வந்தார். ஷோகன் பேசத் தொடங்கும் முன் தலையை இடப்பக்கம் பின்னுக்கு வெட்டி, வலது காலை மூன்று நான்கு முறை தரையில் தட்டினார் என்று ஹாரிஸ் பதிவு செய்கிறார். நோயாளியான ஷோகனின் உடற்கோளாறாக இருக்கலாம். அவைச் சடங்கு என்றே ஹாரிஸ் எடுத்துக்கொண்டிருக்கவும் கூடும். அந்த நாளையொட்டிய ஹ்யூஸ்கனின் குறிப்புகள் தனியாகப் படிக்கத் தக்கவை. இவர்களுக்குக் கொண்டுவருவதாகச் சொல்லும் முன்னேற்றம் நிஜமாகவே முன்னேற்றமா, இந்த மக்களின் சந்தோஷத்தை மேற்கின் தீய வழக்கங்கள் அழித்துவிடுமோ என்று அந்த இளைஞர் வருந்துகிறார். நாடு திறக்கப்படுவதை எதிர்த்து வாள் எடுத்தவர்களின் அச்சமும் ஏறத்தாழ இதேதான். அவர்கள் வெட்டிச் சாய்த்த அந்நியர்தான் அந்த அச்சத்தை அவர்களைவிட நன்றாக எழுதி வைத்தவர். அவர்கள் அதைப் படிக்க வாய்ப்பே இல்லை.

ஷோகனின் மூத்த அமைச்சர் ஹோட்டா மசயோஷியிடம் ஹாரிஸ் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினார். ஹ்யூஸ்கன் அதை டச்சு மொழிக்கு மாற்ற, நாகசாகி மொழிபெயர்ப்பாளர் மரபில் வந்த மொரியாமா எய்நோசுகே டச்சிலிருந்து ஜப்பானியத்துக்குக் கொண்டுவந்தார். சாரம் இவ்வளவுதான்: ஆங்கிலேயர்கள் சீனாவில் போர் நடத்திக்கொண்டிருக்கிறார்கள், முடிந்ததும் பெரும் கடற்படையோடு இங்கே வருவார்கள், அபினியையும் கொண்டுவருவார்கள். நான் ஒற்றை ஆளாக, துப்பாக்கி இல்லாமல், நண்பனாக வந்திருக்கிறேன். என்னோடு கௌரவமான ஒப்பந்தம் செய்துகொண்டால் மற்றவர்களும் அதே வரம்புக்குள் நிற்பார்கள்.

முழுப் பொய் இல்லை இது. ஹாரிஸின் ஒப்பந்தம் அபினியைத் தடை செய்தது. பெரும்பாலான இறக்குமதிப் பொருள்களுக்கு 20 விழுக்காடு, மதுவுக்கு 35 விழுக்காடு சுங்கம் விதிக்க இடம் வைத்தது. அக்காலச் சீனா கனவிலும் காணாத விகிதம். ஜப்பானுக்கும் ஐரோப்பிய நாடு எதற்கும் தகராறு வந்தால் அமெரிக்க அதிபர் நட்பு முறையில் நடுவராக வருவார் என்று அதன் இரண்டாம் பிரிவு சொன்னது. ஆனால் அதே ஒப்பந்தம், ஜப்பானில் குற்றம் செய்யும் அமெரிக்கரை அமெரிக்கச் சட்டப்படி அமெரிக்கத் தூதரே விசாரிப்பார் என்றும் சொன்னது. அந்நிய நாணயங்களை எடைக்கு எடை ஜப்பானிய நாணயத்தோடு மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னது.

பின்னால் வந்த விபரீதத்தின் வேர் இந்த நாணயப் பிரிவு. ஜப்பானுக்குள் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையிலான மதிப்பு ஏறக்குறைய ஒன்றுக்கு ஐந்து. உலகச் சந்தையில் ஒன்றுக்குப் பதினைந்து. 1859-இல் யோகோஹாமா துறைமுகம் திறந்ததும், மெக்சிகோ வெள்ளி டாலரைக் கொடுத்து ஜப்பானிய வெள்ளிக்காசு வாங்கி, அதைக் கொடுத்துக் கோபான் தங்கக்காசு வாங்கி, ஷாங்காயில் விற்றால் போட்ட பணம் மூன்று மடங்காகும். வியாபாரிகளும் கப்பல் அதிகாரிகளும் மூட்டை மூட்டையாக வெள்ளியோடு வந்து இறங்கினார்கள். தங்கம் வெளியேறுவதைத் தடுக்க 1860-இல் ஷோகன் அரசு கோபானை முன்னிருந்ததில் மூன்றிலொரு பங்குக்குச் சுருக்கியது. விலைவாசி எகிறியது. நிலையான அரிசிப்படியில் வாழ்ந்த கீழ்நிலைச் சாமுராய்களின் வயிற்றில் அடி விழுந்தது. பேரரசரைப் போற்று, அந்நியரை விரட்டு என்ற கோஷம் மிட்டோ பகுதி அறிஞர்களின் ஏடுகளில் 1820-களிலிருந்தே இருந்ததுதான். அதைத் தெருவுக்கு இறக்கியது கஞ்சிப் பானை.

கோஷத்துக்கு இன்னொரு நியாயமும் சேர்ந்தது. ஹோட்டா கியோட்டோவுக்குப் போய்ப் பேரரசர் கோமெய்யின் ஒப்புதல் கேட்டார், கிடைக்கவில்லை. 1858 ஜூலையில், சீனா தியன்ஜினில் பணிந்துவிட்டது, ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பல்கள் அடுத்து இங்கேதான் என்ற செய்தியோடு ஹாரிஸ் நெருக்கினார். ஜூலை 29 அன்று பவ்ஹாட்டன் கப்பலின் மேல்தளத்தில் இவாசே தடனாரியும் இனோவே கியோநாவோவும் கையெழுத்திட்டார்கள். இருவரும் ஹாரிஸோடு நீண்ட நாள் வாதாடி, அவருடைய மரியாதையைச் சம்பாதித்தவர்கள். கையெழுத்துக்குப் பின் அவர்கள் கதி என்ன ஆயிற்று? ஷோகனின் வாரிசுச் சண்டையில் எதிரணியில் இருந்தார்கள் என்பதற்காகத் தலைமை அமைச்சர் இயி நவோசுகே இவாசேயைப் பதவி இறக்கி வீட்டுக்காவலில் வைத்தார். 1861-இல் அவர் அங்கேயே முடிந்தார். இனோவே ஒதுக்கப்பட்டார். ஹோட்டா அதற்கு முன்பே வெளியேற்றப்பட்டிருந்தார். ஹாரிஸுக்கு மேசைக்கு எதிரே கிடைத்த நண்பர்கள் எல்லாரையும் காவு வாங்கித்தான் அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. எதிர்த்தவர்களை இயி சிறையிலும் கொலைக்களத்திலும் தள்ளினார். 1859-இல் யோஷிதா ஷோயின் தலை வெட்டப்பட்டது. 1860 மார்ச் 24 அன்று பனி கொட்டிக்கொண்டிருக்க, எடோ கோட்டையின் சகுராடா வாசலுக்கு வெளியே, மிட்டோ ரோனின்கள் (தலைவன் இல்லாத சாமுராய்கள்) 17 பேரும் சத்சுமா நாட்டுக்காரர் ஒருவரும் சேர்ந்து இயியின் பல்லக்கை மறித்து அவர் தலையைக் கொய்தார்கள்.

அன்று எடோவின் இளம் சாமுராய்களுக்கு ஒரு விஷயம் விளங்கியது. பதினெட்டுப் பேர் போதும்.

கியோகாவா ஹச்சிரோ அப்படி விளங்கிக்கொண்டவர்களில் ஒருவர். 1830-இல் வடக்கே தேவா நாட்டில், கியோகாவா என்ற கிராமத்தில், சாக்கே காய்ச்சும் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயரை விட்டுவிட்டு ஊர்ப்பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டார். எடோவில் கன்பூசிய நூல்களும், சிபா ஷூசாகுவின் புகழ்பெற்ற கென்புகான் பயிற்சிக்கூடத்தில் வாள்வித்தையும் கற்று, இரண்டையும் ஒரே கூரையின் கீழ் சொல்லித்தரும் பள்ளி தொடங்கினார். 1855-இல் தாயை அழைத்துக்கொண்டு மேற்கு ஜப்பான் முழுக்க மாதக்கணக்கில் யாத்திரை போனார். அம்மா பின்னால் படித்து மகிழ வேண்டும் என்று அந்தப் பயணத்தை எளிய நடையில் எழுதியும் வைத்தார். விலைமகளாக விற்கப்பட்டிருந்த ரென் என்ற பெண்ணை மீட்டு, குடும்பத்தின் எதிர்ப்பை மீறி மனைவியாக்கிக்கொண்டார். தீவிரவாதி என்றால் இதயம் இறுகியவன் என்று நினைத்துப் படிப்பவருக்கு இந்த ஆள் சங்கடம் தருவார்.

இயி கொலைக்குப் பின் அவர் பள்ளியில் ஒரு கூட்டம் சேர்ந்தது. புலிவால் சங்கம் என்று அதற்குப் பெயர். புலியின் வாலை மிதிக்கத் துணிந்தவர்கள் என்ற பொருளில். ஷோகனின் நேரடிப் பணியாளராக இருந்த யமாவோகா தெட்சுதாரோ இதில் இருந்தார். சத்சுமாவிலிருந்து இமுட்டா ஷோஹெய், ஹிவாதாரி ஹச்சிபெய், மசுமிட்சு கியூநோசுகே முதலியோர் வந்தார்கள். குடித்தார்கள், பேசினார்கள், யோகோஹாமாவை எரிப்பதாகத் திட்டம் போட்டார்கள். யோகோஹாமா பெரிய வேலை. ஹ்யூஸ்கன் சின்ன வேலை.

எப்படிச் சின்ன வேலை? 1860 செப்டம்பரில் கவுண்ட் ஆய்லன்பர்க் தலைமையில் பிரஷ்யத் தூதுக்குழு எடோவுக்கு வந்தது. அகபானேயில் தங்க வைத்தார்கள். அவர்களுக்கும் துபாஷி தேவைப்பட்டது. 1858-இல் லார்டு எல்ஜின் இங்கிலாந்துக்காக ஒப்பந்தம் பேச வந்தபோது ஹ்யூஸ்கனை இரவல் கொடுத்ததுபோலவே இப்போதும் ஹாரிஸ் கொடுத்தார். (எல்ஜினுக்கு உதவியதற்காக விக்டோரியா மகாராணியிடமிருந்து தங்கப் பொடிடப்பா வந்தது.) வேலை முடிந்தாலும் ஜெர்மன்காரர்களின் சாப்பாட்டு மேசை, பேச்சு, பாட்டு என்று ஹ்யூஸ்கன் அங்கேயே இருந்துவிடுவார். ஏறக்குறைய தினமும் மாலையில் போய், இரவு எட்டரை ஒன்பதுக்கு அதே வழியாக, ஆற்றங்கரையோரம், செம்புகுஜி கோயிலில் இருந்த அமெரிக்கத் தூதரகத்துக்குத் திரும்புவார். ஹாரிஸ் பலமுறை எச்சரித்தார். ஹாரிஸ் இருட்டிய பின் வெளியே போவதில்லை. ஹ்யூஸ்கனுக்கு ஜப்பானிய மொழி ஓரளவு வந்திருந்தது. வழியில் கடைக்காரர்களோடு சிரித்துப் பேசும் அளவுக்குப் பழக்கம். தன்னை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று நினைக்க அவருக்குக் காரணம் இருந்தது.

காவலர்கள் இல்லாமல் இல்லை. மூன்று குதிரைவீரர்கள், விளக்கேந்திய நான்கு காலாட்கள். ஜனவரி 15 இரவு குறுகிய தெருவில் ஏழு பேர் இருபுறமிருந்தும் பாய்ந்தார்கள். விளக்குகள் விழுந்தன, காவலர்கள் ஓடினார்கள். ஹ்யூஸ்கனுக்கு வயிற்றில் இரு பக்கமும் வெட்டு. குதிரையை முடுக்கி ஏறக்குறைய இருநூறு கஜம் போனார். பிறகு இறங்கி, விழுந்தார். தூதரகத்துக்குத் தூக்கிவந்தபோது பிரஷ்யக் குழுவின் மருத்துவர் லூசியஸ் ஓடிவந்து தையல் போட்டார். நள்ளிரவு தாண்டியதும் உயிர் போயிற்று. இருபத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு நான்கு நாள் இருந்தது.

பிரஷ்யர்களோடு பேச்சு நடத்திய வெளியுறவு ஆணையர் ஹோரி தோஷிஹிரோ அதற்கு ஒரு மாதம் முன்புதான், பேச்சுவார்த்தையின் நடுவே, வயிற்றைக் கிழித்துச் செத்திருந்தார். ஒரே மேசையைச் சுற்றி இரண்டு சாவு. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டு எடோவில் கதைகள் உலவின. ஒப்பந்தம் மட்டும் நிற்கவில்லை. ஜனவரி 24 அன்று பிரஷ்யர்கள் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

சவ ஊர்வலத்தின் மீதும் தாக்குதல் நடக்கலாம், வராதீர்கள் என்று ஜப்பானிய அதிகாரிகள் தூதர்களுக்குச் சொல்லியனுப்பினார்கள். எல்லாரும் போனார்கள். கோரின்ஜி கோயில் இடுகாட்டில் கத்தோலிக்கச் சடங்குகளோடு அடக்கம் செய்தார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு கல்லறை இருந்தது: முந்தைய ஆண்டு ஜனவரியில் குத்திக் கொல்லப்பட்ட தென்கிச்சி, பிரிட்டிஷ் தூதரகத்தின் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர். கடலில் தத்தளித்து அந்நியக் கப்பலால் மீட்கப்பட்ட மாலுமி. அந்நியரின் ஆளாகத் திரும்பி வந்ததுதான் அவர் செய்த குற்றம். இடுகாட்டில் அந்நியத் தூதரகங்களுக்காகப் பேசியவர்கள் இருவர் இருந்தார்கள். அவர்களைப் பேச வைத்தவர்கள் சுற்றி நின்றார்கள்.

அடுத்த வாரம் நடந்ததில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். பிரிட்டிஷ் தூதர் ருதர்ஃபோர்டு ஆல்காக், பிரெஞ்சுத் தூதர் டுஷேன் டி பெல்கூர், டச்சுப் பிரதிநிதி மூவரும், ஷோகன் அரசு தங்கள் உயிருக்கு உத்தரவாதம் தரும்வரை எடோவில் இருக்கமாட்டோம் என்று யோகோஹாமாவுக்கு இடம்பெயர்ந்தார்கள். ஹாரிஸ் மறுத்தார். இறந்தவருக்கு மிக நெருங்கியவர், மகனைப் போல வைத்திருந்ததாக வாஷிங்டனுக்கு எழுதியவர், எடோவில் தனியாக நின்றார். ஆல்காக்குடன் கடிதப் போர் மூண்டது. ஹாரிஸின் வாதம் இதுதான்: ஷோகன் அரசு கெட்ட எண்ணம் கொண்டதல்ல, இயலாதது. ஹ்யூஸ்கனைப் பலமுறை எச்சரித்தும் கேட்கவில்லை. இரவில் வெளியே போனார். அதற்காக ஒரு தேசத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. நாம் விலகினால் போர் வரும். நான்கு ஆண்டு உழைப்பு வீணாகும்.

அரசியலாகப் பார்த்தால் ஹாரிஸ் சொன்னது சரி. ஆல்காக்கின் மிரட்டல் ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் நீடித்தது. மார்ச் தொடக்கத்தில் மரியாதைக் குண்டு முழக்கத்தோடு திரும்பி வந்தார். ஜூலையில் மிட்டோ ரோனின்கள் பிரிட்டிஷ் தூதரகம் இருந்த தோசென்ஜி கோயிலையே தாக்கினார்கள். விலகியதால் எதுவும் மாறவில்லை. இருந்தும் அந்தக் கடிதங்களின் தர்க்கம் உறுத்துகிறது. செத்தவரைக் குற்றம் சொல்லும் அந்த வாக்கியம் இல்லாமல் ஹாரிஸின் வாதம் நிற்காது. ஹ்யூஸ்கன் அஜாக்கிரதையாக இருந்தார் என்று நிறுவினால்தான் ஜப்பானிய அரசு நிரபராதி ஆகும். அது நிரபராதி ஆனால்தான் ஒப்பந்தம் பிழைக்கும். அந்த இரவுப் பயணங்களில் பல, ஹாரிஸே இரவல் கொடுத்த வேலைக்காக நடந்தவை. துரோகம் என்று இதைச் சொல்லமாட்டேன். தன் வாழ்நாள் சாதனையைக் காப்பாற்றிக்கொள்ள, தனக்கிருந்த ஒரே துணையின் மரணத்தை அவர் நிர்வாகக் குறிப்பாக மாற்றிக்கொண்டார். ஆம்ஸ்டர்டாமில் இருந்த தாய்க்கு ஷோகன் அரசு பத்தாயிரம் டாலர் கொடுத்தது. கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. 1862-இல் ஹாரிஸ் பதவி விலகி ஊருக்குப் போனார். அதன்பின் ஜப்பானுக்கு வரவே இல்லை.

கொலைகாரர்கள் பக்கம் என்ன நடந்தது? ஹ்யூஸ்கன் செத்ததால் ஒரு துறைமுகமும் மூடவில்லை. உளவாளிகள் மட்டும் பள்ளியைச் சுற்றி வந்தார்கள். 1861 ஜூன் மாதவாக்கில் தெருவில் வம்பிழுத்த ஒருவரைக் கியோகாவா ஒரே வீச்சில் வெட்டிவிட்டுத் தலைமறைவானார். அவர் கைக்கு எட்டாததால் அரசு எட்டியவர்களைப் பிடித்தது: மனைவி ரென், தம்பி, நண்பர்கள். ரென் காவலிலேயே 1862-இல் இறந்தார். கணவர் அப்போது கியூஷூவரை அலைந்து ஆள் திரட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்தது நாடகத்துக்கும் மிஞ்சியது. மன்னிப்புப் பெற்றுத் திரும்பிய கியோகாவா, ஷோகன் கியோட்டோ போகும்போது பாதுகாப்புக்கு ரோனின்களைக் கொண்டு ஒரு படை அமைக்கலாம் என்று அரசிடமே யோசனை சொன்னார். அரசு தன் செலவில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களைத் திரட்டி 1863 தொடக்கத்தில் அனுப்பியது. கியோட்டோவின் மிபு பகுதியில் ஷிந்தோகுஜி கோயிலில் இறங்கிய அன்றே கியோகாவா சீட்டைத் திருப்பினார்: நாம் ஷோகனுக்காக வரவில்லை, பேரரசருக்காக, அந்நியரை விரட்ட வந்திருக்கிறோம். நம்பி வந்த சிலருக்கு இது துரோகமாகப் பட்டது. கொண்டோ இசாமி, செரிசாவா கமோ முதலியோர் உடன்படாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். அனிமே பார்க்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஷின்செங்குமி வாள்படை அங்கிருந்துதான் பிறந்தது. மற்றவர்களோடு எடோ திரும்பிய கியோகாவா, யோகோஹாமாவை எரிக்கும் பழைய திட்டத்துக்கு நாள் குறித்தார்.

அதற்குச் சில நாள் முன்பு, அசாபுவில் இருந்த காமினோயாமா பிரபுவின் மாளிகைக்கு, பழைய நண்பரும் கன்பூசிய அறிஞருமான கனெகோ யோசபுரோவைப் பார்க்கப் போனார். தன் திட்டத்துக்கு நண்பரின் கையொப்பம் வேண்டும். கனெகோ சாக்கே ஊற்றினார், நிறைய ஊற்றினார். மாலையில் தள்ளாட்டத்தோடு கியோகாவா கிளம்பினார். இச்சிநோஹாஷியருகே எதிரே வந்த சசாகி தடசபுரோ, அதே ரோனின் படையில் மேற்பார்வை அதிகாரியாக இருந்தவர், மரியாதையாகப் பெயர் சொல்லி அழைத்துத் தன் தொப்பியைக் கழற்றினார். மதிப்போடு வணங்குபவருக்குப் பதில் மரியாதை செய்யாமல் போவது சாமுராய்க்கு அழகல்ல. கியோகாவாவின் கை தன் தொப்பியின் முடிச்சுக்குப் போன கணத்தில் பின்னாலிருந்து வெட்டு விழுந்தது. கனெகோவுக்கு முன்பே தெரியுமா என்ற சந்தேகம் அன்று தொடங்கி இன்றுவரை ஓயவில்லை. தோழர் ஒருவர் தலையை மீட்டு யமாவோகாவின் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அரசு பயன்படுத்தியது தீவிரவாதிகளின் அதே உத்திதான்: தெரிந்த வழி, பழக்கம் தந்த நம்பிக்கை, பின்புறத்திலிருந்து வெட்டு. ஹ்யூஸ்கனைப் பழகிய தெரு காட்டிக்கொடுத்தது. கியோகாவாவைப் பழகிய மரியாதை. இதே சசாகிதான் 1867-இல் ஷோகன் ஆட்சியின் எதிர்ப்பாளர் சகாமோட்டோ ரியோமாவைக் கொன்ற குழுவுக்குத் தலைவர் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. ஷினோடா மசஹிரோ 1964-இல் எடுத்த படம் கியோகாவாவை ஒரு புதிராகவே விட்டுவிடுகிறது. நல்லெண்ணக்காரரா, சந்தர்ப்பவாதியா என்று அதில் வரும் யாருக்கும் தெரிவதில்லை. அவரோடு வாழ்ந்தவர்களுக்கே தெரிந்திருக்காது என்பதுதான் என் எண்ணம்.

புலிவால் சங்கத்தில் மிஞ்சியவர்களின் பாதைகள் வேறு திசையில் போயின. 1867 இறுதியில் சத்சுமாவின் ஏவலில் இமுட்டாவும் மசுமிட்சுவும் எடோவில் கலவரம் மூட்டினார்கள்; ஷோகன் படை கோபத்தில் சத்சுமா மாளிகையைத் தாக்கியது; போர் வந்தது. மசுமிட்சு பிடிபட்டார். 1868 மார்ச்சில் சத்சுமாப் படை எடோவை நெருங்கியபோது, சமாதானம் பேச ஷோகன் தரப்பிலிருந்து யமாவோகா சுன்புவுக்குப் புறப்பட்டார். எதிரிப் படைவரிசையைக் கடக்க அவருக்குத் துணையாக அனுப்பப்பட்டவர் அந்தக் கைதி மசுமிட்சு. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைவிட, முன்பொரு காலத்தில் ஒரே கிண்ணத்தில் குடித்தவர்கள் என்பது அன்று உதவியது. யமாவோகா அந்தப் படையின் தலைவர் சைகோவைச் சந்தித்தார். எடோ கோட்டை சண்டையின்றிக் கைமாறியது. இந்தக் கதை முழுக்க, பழைய நட்பு யாரையும் காட்டிக்கொடுக்காமல் பயன்பட்ட இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். மசுமிட்சு அதே ஆண்டு உவேனோ சண்டையில் குண்டடிபட்டு இறந்தார்.

அந்நியரை விரட்டுவோம் என்று ஆட்சியைப் பிடித்த புதிய அரசு, ஹாரிஸின் ஒப்பந்தத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது. அந்நியரைத் தண்டிக்கும் உரிமை ஜப்பானிய நீதிமன்றங்களுக்கு 1899-இல்தான் திரும்பி வந்தது. பேரரசர் கியோட்டோவில் அந்நியத் தூதர்களுக்குப் பேட்டி கொடுத்தார். 1868 மார்ச் 23 அன்று பேட்டிக்குப் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் தூதர் ஹாரி பார்க்ஸின் ஊர்வலத்தின் மீது இருவர் பாய்ந்தார்கள். பேரரசரின் காவல் படையிலேயே சேர்க்கப்பட்டிருந்த பழைய கிளர்ச்சிக்காரர்கள் அவர்கள். கோஷம் மாறிவிட்டது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அல்லது சொல்லியும் அவர்கள் நம்பவில்லை. ஊர்வலத்தோடு வந்த சத்சுமாவின் நகாய் ஹிரோஷியும், தோசாவின் கோட்டோ ஷோஜிரோவும் வாளை உருவி எதிர்த்தார்கள். நகாய்க்குத் தலையில் காயம். தாக்கியவர்களில் ஒருவர் அங்கேயே விழுந்தார். மற்றவர் சாயேகுசா ஷிகேரு. அவருடைய சாமுராய்த் தகுதியைப் பறித்து, வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் உரிமையையும் மறுத்து, சாதாரணக் குற்றவாளியாகத் தலையை வெட்டினார்கள். நகாய்க்கும் கோட்டோவுக்கும் லண்டனிலிருந்து மகாராணி வாள் அனுப்பினார்.